ஹீட்டருக்குப் பக்கத்தில் ஓர் அத்திக்கன்று

நான் எழுதிய கடிதம் ஒன்று போன கிழமை என்னிடமே திரும்பி வந்தது. கொழும்பில் ஒரு லொட்ஜ் முகவரி. 'இங்கே இல்லை' என்று உறையில் யாரோ எழுதியிருந்தார்கள். எங்கே போனான் என்று எழுதவில்லை.

உள்ளே நான் சொல்லியிருந்தது ஒரே ஒரு உண்மை. செல்வன், உன் அத்திக்கன்றைக் கொன்றது நான்தான்.

செல்வன் எங்களோடு சுவிஸில், ஓஸ்டர்முண்டிகன் வீட்டில் மூன்று வருடம் இருந்தவன். பக்கத்து பேர்ண் நகரத்தில் ஒரு ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவினான். வீட்டுக்குப் பின்னால் இரண்டு பாய் விரிக்கிற அளவில் ஒரு தோட்டம். அதில் ஒரு குட்டை அத்தி வைத்தான் — நெஞ்சுயரத்துக்கு மேல் வளராத ஜாதி. ஆனால் நிலத்தில் நடவில்லை. சட்டியோடு மண்ணில் புதைத்தான்.

"ஏன்டா, ஒழுங்கா நடன்."

"எனக்கு விசா ஆறு மாசத்துக்கு ஒருக்காத்தானே அண்ணை நீட்டுறாங்கள். இதுவும் அப்பிடியே இருக்கட்டும்."

வேடிக்கை என்னவென்றால், வேர் நெருக்குப்பட்டால்தான் அத்தி நன்றாகக் காய்க்குமாம். காய்த்தது. பிறகு அவனுக்குக் கடிதம் வந்தது, நாட்டை விட்டுப் போகச் சொல்லி. ஐப்பசியில் போனான்.

"அத்திக்கண்டைப் பாருங்கோ அண்ணை. எப்பிடியும் திரும்பி வருவன்."

மேல்மாடிச் சுவிஸ் மனுசி எனக்குப் படித்துப் படித்துச் சொன்னார். குளிர்காலத்தில் நிலக்கீழ் அறையில் வை. இலை கொட்டும், பயப்படாதே. தண்ணீர் மாதம் ஒரு தடவை போதும்.

கேட்டேனா? மொட்டையாய் நிற்கிற கன்றை இருட்டில், தாகத்தோடு விட எனக்கு மனம் வரவில்லை. நடுங்கிக்கொண்டு வந்த செல்வனை முதல் நாள் எங்கே உட்கார வைத்தோம்? ஹீட்டருக்குப் பக்கத்தில், கையில் சுடச்சுடத் தேத்தண்ணியோடு. வந்தவரை நாங்கள் அப்படித்தானே பார்ப்போம்? கன்றையும் அங்கேயே வைத்தேன். காலையும் மாலையும் தண்ணீர் — அதுவும் இளஞ்சூடாக.

பங்குனியில் தண்டை அழுத்தினேன். விரல் உள்ளே போனது. வேர் முழுக்க அழுகல்.

அந்தக் கிழமையே அவன் டெலிபோன் எடுத்தான்.

"அண்ணை, கண்டு துளிர்த்திட்டுதோ?"

"ஓம்."

"நல்லாவோ?"

"ஓமடா, நல்லா."

"இஞ்ச ஆமிச் செக்கிங் கூட, தமிழ்ப் பெடியளைப் பிடிச்சுக்கொண்டு போறாங்கள். நான் வெளியில போறேல்லை அண்ணை. படுத்துக்கிடந்து அதைத்தான் நினைக்கிறனான்" என்றான்.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மூன்று மாதம் மென்று விழுங்கிவிட்டு, கோழை மாதிரிக் கடிதத்தில் எழுதினேன். திரும்பி வந்தது அதுதான்.

லொட்ஜுக்கு டெலிபோன் எடுத்தேன். அவன் பெயரைச் சொன்னதும் வைத்துவிட்டார்கள். மறுபடி எடுத்தேன். மறுபடியும் வைத்துவிட்டார்கள்.

வெறும் சட்டியை அதே குழியில் திரும்பப் புதைத்திருக்கிறேன். ஏனென்று கேட்காதீர்கள். உண்மையைச் சொல்லி என் பாரத்தை இறக்கிவிடலாம் என்று நினைத்திருந்தேன். இனி அது எனக்கு வேண்டாம். கன்று நன்றாகத் துளிர்த்திருக்கிறது என்றே அவன் நம்பிக்கொண்டிருக்கட்டும்...

நம்புவதற்கு அவன் இருந்தால் போதும்.