கதவுக்குள் நின்ற மழை

உடையார்பாளையத்துக் கல்யாணப் பெண் ஒருத்தியின் பட்டுப்புடவை எங்கள் காரில் மாட்டிக் கிழிந்தது. எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியது.

அப்பாவிடம் ஒரு வெள்ளை அம்பாசிடர் இருந்தது. அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கார் ஸ்டாண்டில் நிறுத்தி வாடகைக்கு ஓட்டினார். அரியலூர் கொஞ்ச காலம் தனி மாவட்டமாக இருந்துவிட்டு மறுபடியும் பெரம்பலூரோடு சேர்ந்துபோயிருந்த சமயம் அது. நான் ஐந்தாம் வகுப்பு. ரெட்டிபாளையம் பக்கம் சிமெண்டு ஆலை வேலையாக வருகிறவர்கள், திருச்சி ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், முகூர்த்த நாளில் பெண்ணும் மாப்பிள்ளையும் என்று வண்டிக்கு ஓய்வே இருக்காது. சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் தூசி எப்போதும் அதன்மேல் மாவு போலப் படிந்திருக்கும். அப்பா தினமும் காலையில் ஒரு வாளித் தண்ணீரும் பழைய வேட்டித் துணியுமாக அதைத் துடைப்பார். எனக்குத் தலை துவட்டிவிடும்போதுகூட அவர் கையில் அவ்வளவு பொறுமை இருந்ததில்லை.

அந்தப் பெண் மண்டப வாசலில் இறங்கும்போது சரிகைக் கரை கதவின் அடிவிளிம்பில் மாட்டிக்கொண்டது. துரு தின்று தின்று அந்த விளிம்பு ரம்பம் மாதிரி ஆகியிருந்தது. ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்துவிட்டது. பெண் வீட்டார் யாரும் சத்தம் போடவில்லை. ‘பரவால்லண்ணே, உள்ள மடிச்சுக் கட்டிக்கிறேன்’ என்று மணப்பெண்ணே சொல்லிவிட்டுப் போனாளாம். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் அப்பாவுக்கு ஆறியிருக்கும். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாளே வண்டியைப் பெரம்பலூருக்கு எடுத்துக்கொண்டு போனார். கோடை விடுமுறை என்பதால் நானும் தொற்றிக்கொண்டேன். துறையூர் ரோட்டில் தகரக் கொட்டகை போட்டு டிங்கரிங் வேலை செய்துகொண்டிருந்த ஒருவரிடம்தான் போனோம். கார் உடம்பில் நெளிந்ததை நிமிர்த்துவது, இற்றுப்போனதை வெட்டிவிட்டுப் புதுத் தகடு வைத்துப் பற்றவைப்பது, பெயிண்ட் அடிப்பது எல்லாம் அவர் வேலை. லப்பைக்குடிக்காட்டுக்காரர். சவூதியில் கடலோர ஊர் ஒன்றில் பன்னிரண்டு வருஷம் இதே வேலை பார்த்துவிட்டு வந்தவர். அப்பா அவரை ‘பாய்’ என்பார். அவரைவிட அப்பா நாலைந்து வயது மூத்தவர் என்பதால் அவர் ‘அண்ணே’ என்பார். நான் மாமா என்று கூப்பிட வேண்டும் என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள்.

அவர் ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கதவின் அடியில் லேசாகக் குத்தினார். அப்பளத்தில் குத்தியது போல உள்ளே போய்விட்டது. இன்னொரு கதவு. அதிலும் அப்படியே. அப்பாவின் முகத்தை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

“மேல தெரியறது கால்வாசிதாண்ணே. துரு எப்பவும் உள்ளேருந்து தின்னுக்கிட்டு வெளிய வரும். நாலு கதவையும் பிரிச்சுருவோம். வெளிய பூசறத விட உள்ள பூசறதுதான் முக்கியம். இன்ஷா அல்லா, அப்புறம் வராது” என்றார் அவர்.

பத்து நாள் கழித்து வண்டி வந்தபோது நான் தா.பழூரில் சித்தி வீட்டில் இருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் வாசலில் புது வண்டி நிற்கிற மாதிரி இருந்தது. இற்றுப்போன பாகத்தை ஒரு சாண் உயரத்துக்கு வெட்டி எறிந்துவிட்டுப் புதுத் தகடு வைத்திருக்கிறார், கதவின் உட்புறமெல்லாம் சிவப்பு பிரைமர் அடித்து அதன்மேல் தார் மாதிரி ஏதோ பூசியிருக்கிறார் என்று அப்பா அம்மாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். கடைசியில் ஒன்று சொன்னார்.

“இனிமே இதுல ஒரு ஓட்டை விழுந்துச்சுன்னா, வண்டிய வித்துட்டு வேற சோலிக்குப் போயிட வேண்டியதுதான்.”

அவர் ஒரு பேச்சுக்குச் சொன்னார். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. வண்டி இல்லாத அப்பா எப்படி இருப்பார் என்று இரண்டு நாள் யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

பள்ளிக்கூடம் திறந்த புதிதில் ஒரு சனிக்கிழமை மத்தியானம். வேளாங்கண்ணி சவாரி போய்விட்டு வந்த அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். நான் வாசலில் ரப்பர் பந்தைச் சுவரில் அடித்து விளையாடிக்கொண்டிருந்தேன். பந்து காருக்கு அடியில் உருண்டு போயிற்று. மல்லாந்து படுத்துக் கையை நீட்டினேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. திறந்து கிடந்த பின்கதவின் அடியில், வரிசையாக மூன்று ஓட்டைகள். சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு நீளவாக்கில் இருந்தன. மற்றக் கதவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். எல்லாவற்றிலும் மூன்று மூன்று.

துரு திரும்பி வந்துவிட்டது. அப்பா இன்னும் பார்க்கவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. பிளாஸ்டிக் குடத்தில் விட்டிருந்த விரிசலை அடைப்பதற்காக அம்மா ஒரு பசை வாங்கி வைத்திருந்தாள். இரண்டு நிறத்தில் இரண்டு கட்டிகள். சேர்த்துப் பிசைந்து வைத்தால் ஒரு மணி நேரத்தில் கல்லாகிவிடும். குடத்துக்குப் போக மீதி அடுக்களை அலமாரியில் இருந்தது. எடுத்து வந்து பிசைந்தேன். சின்னச் சின்ன உருண்டையாக்கி ஒவ்வோர் ஓட்டையிலும் வைத்து, கட்டைவிரலால் நன்றாக அழுத்தினேன். பின்கதவு இரண்டுக்கும் முன்னால் இடதுபக்கக் கதவுக்கும் வந்தது. அப்பா உட்காரும் பக்கத்துக் கதவுக்கு மிச்சமில்லை. அந்த மூன்று ஓட்டைகளையும் பார்த்து வருத்தத்தோடு எழுந்தேன். அடைத்த இடங்களில் முகப்பவுடரைத் தடவி வெள்ளையாக்கிவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. அப்பாவை ஒரு பெரிய ஆபத்திலிருந்து காப்பாற்றிவிட்டதாக நினைத்து, சாயங்காலம் அவர் டீ குடிக்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அந்த வருஷம் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நல்ல மழை. மார்கழி பிறந்ததும் ஒருநாள் வண்டி துடைத்துக்கொண்டிருந்த அப்பா கையை நிறுத்தினார். கதவின் அடியில் பெயிண்ட், வேர்க்குரு மாதிரி பொரிப்பொரியாக எழும்பியிருந்தது. நகத்தால் கீறியதும் பொலபொலவென்று உதிர்ந்து, உள்ளேயிருந்து பழுப்பாக நீர் கசிந்தது.

அப்பா அதிகம் பேசாதவர். பேசாதவர்களுக்குக் கோபம் வந்தால் அது இறங்க நாளாகும். பெரம்பலூருக்குப் போய்க் கேட்கக்கூட அவருக்கு மனம் இல்லை. ஸ்டாண்டில் மற்ற டிரைவர்களிடம் சொன்னார்: “உள்ள ஒண்ணுமே செய்யல. பட்டிய அப்பி மூடிட்டான். நம்பிக் குடுத்தேன்.” பட்டி என்பது பள்ளம் தெரியாமல் மேலே பூசுகிற பூச்சு. துருவின்மேல் அதைப் பூசி மறைத்துவிட்டார் என்று ஒரு டிங்கரைச் சொல்வதைவிடப் பெரிய வசை அந்தத் தொழிலில் கிடையாது. அப்பா பொய் பேசாதவர் என்று ஸ்டாண்டில் பெயர் இருந்தது. அதனால் அந்தப் பேச்சு நன்றாகப் பரவியது. பாயிடம் வண்டி விடுவதாக இருந்த இரண்டு பேர் திருச்சிக்குப் போய்விட்டார்கள்.

நானும் அவர்மேல் கோபமாகத்தான் இருந்தேன். நான் அவ்வளவு பாடுபட்டு அடைத்தும் நிற்காத துரு என்றால், அவர் வேலை எவ்வளவு மோசமாக இருந்திருக்க வேண்டும்.

அரையாண்டு விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் இரண்டு மூன்று சாமான்கள். அப்பா “வாங்க” என்று சொன்னார். உட்காரச் சொல்லவில்லை. அம்மாதான் நாற்காலி எடுத்துப் போட்டாள்.

“ஸ்டாண்டுல சொன்னீங்கன்னாங்க. சண்டைக்கு வரலண்ணே. வண்டியப் பாத்துட்டுப் போயிடுறேன்” என்றார்.

நான் நிலைப்படியில் நின்று பார்த்தேன். அவர் வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்தார். டிரைவர் பக்கத்துக் கதவில் குனிந்து விரலை ஓட்டினார். ஒரு பொரிகூட இல்லை.

“நாலும் ஒரே நாள்ல செஞ்சது. ஒரே தகடு, ஒரே பூச்சு. இதுக்கு ஒண்ணும் ஆவலயே” என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல.

பின்கதவின் கைப்பிடியைக் கழற்றி, உள்பக்க அட்டையைப் பிரித்தார். கையை உள்ளே விட்டு ஒரு பிடி அள்ளி வெளியே எடுத்தார். சிமெண்டுத் தூசியும் தண்ணீரும் கலந்த சேறு. மழை விட்டு மூன்று வாரமாகியும் கதவுக்குள் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது.

“கண்ணாடி ஓரமா மழைத்தண்ணி உள்ள எறங்கத்தாண்ணே செய்யும். அத யாராலயும் தடுக்க முடியாது. அதுக்குத்தான் அடியில கம்பெனியே ஓட்டை வச்சு அனுப்பறான். நானும் புதுத் தகட்டுல அதே மாதிரி வச்சிருந்தேன். வர்ற தண்ணி போயிட்டா எவ்ளோ மழை பேஞ்சாலும் துரு வராது. நின்னுச்சுன்னா நான் பூசினது மட்டுமில்ல, எவன் பூசினாலும் நிக்காது.”

நான் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டேன்.

அவர் தரையில் படுத்துக் கதவின் அடியைப் பார்த்தார். மெல்லிய உளி ஒன்றை வைத்து இரண்டு தட்டு தட்டினார். கல் போன்ற ஒன்று பெயர்ந்து அவர் கையில் விழுந்தது. எழுந்து உட்கார்ந்து அதைத் துடைத்தார். சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன வில்லை. நடுவில் ஒரு கட்டைவிரல் பதிந்த குழி. ரேகைகூடத் தெரிந்திருக்கும். தன் கட்டைவிரலை அந்தக் குழியில் வைத்துப் பார்த்தார்; விரல் பெரிதாக இருந்தது. குழாயடியில் அம்மாவின் பச்சைக் குடம் இருந்தது. வயிற்றில் அதே சாம்பல் நிறத்தில் ஒரு ஒட்டு. அவர் கண் அந்தப் பக்கம் ஒரு தடவை போய் வந்தது. நான் நின்ற பக்கம் வரவே இல்லை.

“தப்பு என்னோடதுதாண்ணே” என்றார். “பட்டி போடறப்ப ஓட்டையில எறங்கி அடைச்சுக்கிட்டிருக்கு. குடுக்கறப்ப நான் குத்திப் பாத்திருக்கணும். பாக்காம வுட்டுட்டேன். வண்டிய அனுப்பி வைங்க. சரி பண்ணித் தரேன்.”

அப்பா கையை நீட்டினார். பாய் கொஞ்சம் தயங்கியது போல இருந்தது. பிறகு வில்லையைக் கொடுத்தார். அப்பா அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார் என்று எனக்குத் தோன்றியது. பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, “உக்காருங்க பாய். சாப்புட்டுட்டுத்தான் போவணும்” என்றார். அம்மாவைக் கூப்பிட்டு இலை போடச் சொன்னார்.

மூன்று கதவுகளும் மறுபடி பிரிக்கப்பட்டன. வெட்டிய இடத்தில் புதுத் தகடு, இரண்டு பக்கமும் பிரைமர், இணைப்பு ஓரங்களில் நீர் புகாத பசை, உட்புறம் கறுப்புப் பூச்சு. கடைசியாக அடி ஓட்டைகளில் ஈர்க்குச்சி விட்டுத் துழாவி, ஒரு சொம்புத் தண்ணீரைக் கண்ணாடி ஓரமாக ஊற்றி, அது கீழே ஒழுகுவதைக் காட்டிவிட்டுத்தான் வண்டியைக் கொடுத்தாராம். மாதத்துக்கு ஒருமுறை குச்சி விட்டுத் தூசியை எடுக்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த வேலையை அப்பா எனக்குக் கொடுத்தார். உன் விரல்தான் அதற்குச் சரியாக இருக்கும் என்றார். நான் பெருமையோடு ஏற்றுக்கொண்டேன். ஏனோ அவர் அப்போது சிரித்தார்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று அப்பா என்னைக் காரிலேயே கூட்டிக்கொண்டு போனார். வழியில் ஸ்டாண்டில் நிறுத்தினார். நான் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தேன். டிரைவர்கள் நாலைந்து பேர் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். அப்பா அவர்களிடம் போனார். பொதுவில் இப்படிப் போய் நின்று பேசுகிற ஆள் இல்லை அவர்.

“பெரம்பலூர் பாயப் பத்தி நான் சொன்னது தப்பு. அவரு வேலையில ஒரு குத்தமும் இல்ல. குத்தம் எங்க வூட்டுலதான். வண்டி வுடறவங்க தாராளமா அவருகிட்ட வுடுங்க.”

யாரோ ஏதோ கேட்டார்கள். அப்பா கையை மட்டும் அசைத்துவிட்டு வந்து வண்டியை எடுத்தார்.

எனக்குக் குழப்பமாகப் போயிற்று. தப்பு என்னோடது என்று பாயே எங்கள் வாசலில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார். அப்பா அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றார். பொய்யே பேசாத அப்பா இத்தனை பேர் நடுவில் எதற்காக மாற்றிச் சொல்கிறார்? பயத்தையும் மீறிக் கேட்டுவிட்டேன்.

“அந்த மாமாதானேப்பா, தப்பு அவரோடதுன்னு சொன்னாரு?”

“ஆமா, அவரு அப்பிடித்தான் சொன்னாரு” என்றார் அப்பா, ரோட்டைப் பார்த்தபடி.

என்னை ஒன்றும் கேட்கவில்லை. பெரியவர்கள் சொன்னதைச் சீக்கிரம் மறந்துவிடுகிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். இத்தனை பெரிய காரியம் நடந்தும் ஒருவரும் என்னைக் கண்டுபிடிக்கவில்லை என்ற நிம்மதியோடு, புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் இறங்கி ஓடினேன்.