டிபன் பாக்ஸில் தாலி

அக்கம்மாளைக் கேட்டால் மருமகள் நாகவல்லி நூல் மில்லில் வேலை பார்க்கிறாள் என்பாள். பக்கத்து வீட்டுக்காரிகள் சும்மா விடுவார்களா? "நூல் நூக்கிறா நூக்கிறான்னு சொல்றீக, ஒரு முழத் துணி வீட்டுக்கு வந்திருக்கா?" என்று இழுப்பார்கள். நாகவல்லி சிரித்து மழுப்பிவிடுவாள். கண்ணுக்கே தெரியாத நூலை எப்படிக் காட்டுவது?

காரைக்குடியில் கோவிலூர் சாலையில் ஒரு சின்ன கம்பெனி அது. கஞ்சி போன்ற பாலிமர் கரைசலை ஊசிக்குழாயில் ஏற்றி, ஊசிக்கு இருபதாயிரம் வோல்ட் மின்சாரம் கொடுப்பார்கள். ஊசி முனையில் நிற்கும் சொட்டு அந்த இழுப்பில் நூலாகப் பிய்த்துக்கொண்டு கிளம்பும். காற்றிலேயே சுழன்று காய்ந்து, எதிரே உருளும் டிரம்மில் போய்ப் படியும். தலைமுடியில் நூறில் ஒரு பங்கு கனம்கூட இருக்காது. மணிக்கணக்காகப் படிந்ததை உரித்தெடுத்தால் பால் ஏடு மாதிரி ஒரு வெள்ளை விரிப்பு. தீக்காயத்துக்கும் ஆறாத சர்க்கரைப் புண்ணுக்கும் அதைப் போர்த்தலாம்; காற்றை விடும், கிருமியை விடாது. முகக்கவசத்துக்கும் தண்ணீர் வடிகட்டவும்கூட இங்கிருந்து போகிறது. வேதியியல் படித்துவிட்டு, கல்யாணத்தோடு எல்லாம் முடிந்தது என்று கிடந்தவளுக்கு இந்த வேலைதான் உயிர்.

அதில் ஒரே ஒரு சங்கடம். உள்ளே போகும்போது உடம்பில் பொட்டு உலோகம் இருக்கக் கூடாது. உருளும் டிரம்மின் மேல் குனிய வேண்டியிருப்பதால் கழுத்தில் வெறும் மஞ்சள் கயிறுகூடத் தொங்கக் கூடாது. முதல் நாள் தாலியைக் கழற்றப் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். தாலி, வளையல், மெட்டி எல்லாவற்றையும் டிபன் பாக்ஸில் போட்டு லாக்கரில் பூட்டுவாள். சாயங்காலம் பஸ் ஏறுமுன் எல்லாம் அதனதன் இடத்துக்கு வந்துவிடும். சிங்கப்பூரில் கட்டட வேலை பார்க்கும் புருஷன் பாண்டிமுருகனிடம்கூட மூச்சு விடவில்லை. மாமியார் காதுக்குப் போனால் அன்றோடு வேலைக்கு முழுக்குதான்.

அன்று பாண்டிமுருகனின் பிறந்த நட்சத்திரம். அக்கம்மாள் பிள்ளையார்பட்டியில் மகன் பேருக்கு அர்ச்சனை முடித்தாள். மருமகள் தாலியில் வைத்துக்கொள்ளட்டும் என்று குங்குமப் பொட்டலத்தோடு நேரே கம்பெனிக்கு வந்துவிட்டாள். காவலாளி கண்ணாடிச் சன்னலைக் காட்டினார்.

உள்ளே வெள்ளை அங்கியில் நாகவல்லி. நெற்றியை மறைத்த வெள்ளைத் தொப்பி. கையில் வளையல் இல்லை. கழுத்து வெறிச்சென்று கிடந்தது.

அக்கம்மாளுக்குத் தெரிந்து வெறுங்கழுத்துக்கு ஒரே காரணம்தான். அவள் கழுத்தும் பல வருஷமாக அப்படித்தான் இருக்கிறது.

"எம்புள்ள போயிட்டானா!" என்று அலறிக் கண்ணாடியில் அறைந்தாள். "எத்தன நாளாச்சுடி? பெத்தவளுக்குச் சொல்லாம எல்லாருமாச் சேந்து மறைச்சிட்டீகளே!"

நாகவல்லி திரும்பிப் பார்த்தாள். ஆனால் ஓட முடியாது. மின்சாரத்தை நிறுத்தி, ஊசியில் மிச்சமிருக்கும் மின்னேற்றத்தைத் தரைக்கு இறக்காமல் இயந்திரத்தை விட்டு நகரக் கூடாது. மாமியார் மாரில் அடித்துக்கொண்டு சரிவதைப் பார்த்துக்கொண்டே அதைச் செய்து முடித்துவிட்டு வெளியே பாய்ந்தாள்.

"அத்தே, அவுக நல்லா இருக்காக! இது கரண்டு மிஷினுக்காகக் கழட்டுனது!"

"பொய் சொல்லாத. மிஷினுக்காக எவளாச்சும் தாலியக் கழட்டுவாளா? அவன் கொரலக் கேக்கணும் நான்."

நாகவல்லி லாக்கரிலிருந்து போனை எடுத்து வந்து அவனுக்குப் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் போட்டாள். வேலை நேரத்தில் அவனும் போனை லாக்கரில்தான் வைப்பான், அது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? "எடுக்கல பாத்தியா?" என்று அக்கம்மாள் தரையில் தலையை முட்டிக்கொண்டபோது, தினமும் காலையில் வரும் அவன் மெசேஜ் இன்றைக்கு வரவில்லை என்பது நினைவுக்கு வந்தது. நான் கழற்றியதால்தானோ? சாரத்திலிருந்து விழுந்திருப்பாரோ? படித்த வேதியியல் ஒன்றும் அப்போது துணைக்கு வரவில்லை. இப்போது மாமியாரோடு சேர்ந்து அவளும் நடுங்கினாள்.

அரை மணி கழித்துப் போன் அடித்தது. வீடியோ கால். தலைக்கவசத்தோடு பாண்டிமுருகன்.

"என்ன புள்ள, இத்தன தடவ கூப்பிட்டிருக்க? ஆத்தாவுக்கு ஏதும்..."

அக்கம்மாள் போனைப் பிடுங்கினாள். திரையில் தெரிந்த முகத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள். தாயின் தோளுக்குப் பின்னால் நின்ற மனைவியை அவன் அப்போதுதான் கவனித்தான். முகம் மாறிவிட்டது.

"நாகு, ஒன் கழுத்துல தாலி எங்க?"

நாகவல்லி கையால் கழுத்தை மறைத்தாள். போயிற்று, வேலை போயிற்று என்றுதான் நினைத்தாள்.

அக்கம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நாந்தான்டா கழட்டி வைக்கச் சொன்னேன். கரண்டு பாயிற எடம். எனக்கு மருமக உசுரோட வேணுமில்ல? நீ போயி ஒன் வேலையப் பாரு."

போனை வைத்ததும் கசங்கிய குங்குமப் பொட்டலத்தை மருமகள் கையில் திணித்தாள். நாகவல்லி அவளை வெறித்துப் பார்த்தபடி நின்றாள்.

"உள்ள போ. சாயங்காலம் வரைக்கும் இங்கனயே ஒக்காந்திருக்கேன். கழுத்துல போட்டுக்கிட்டு வெளிய வா, சேந்து போவோம்." மருமகள் கழுத்திலிருந்து பார்வையைத் திருப்பிக்கொண்டாள். "ஒன்னைய இப்படி இன்னொரு தடவ என்னால பாக்க முடியாது தாயி."

நாகவல்லி அங்கியின் மேல் பொத்தானைக் கழுத்து தெரியாதபடி மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.