தொப்பி பறிகொடுத்த வாட்ச்மேன்

காந்தல் ஊரில் நானே உழைத்துக் கட்டிய மூன்று மாடி வீட்டில், நானே வாங்கிய பெரிய டிவியில், நேற்று அந்தப் பழைய உளவாளிப் படம் ஓடியது. கிறுக்கு விஞ்ஞானி கெக்கலி கொட்டிச் சிரித்ததும், நான் வளர்ந்த எஸ்டேட் மைதானத்து ஈரப்புல் வாசனை எனக்கு வந்துவிட்டது.

சின்ன வயதில் அங்கே திரை கட்டி இதே படத்தைப் போட்டார்கள். தேயிலை ஃபேக்டரி வாட்ச்மேனான என் அப்பா முன்னால் உட்கார்ந்திருந்தார். படத்தில் விஞ்ஞானியின் வாட்ச்மேன் நாற்காலியில் குறட்டை விட, உளவாளி அவன் தொப்பியையே மாட்டிக்கொண்டு உள்ளே போனான். சனமெல்லாம் அப்பாவைப் பார்த்துச் சிரித்தது.

"ஏனுங்க, உங்க தொப்பி பத்திரமா இருக்குதுங்களா?" என்றார் ஒருவர்.

"நான் தூங்குனத எவனாச்சும் பாத்தீங்களாடா?" என்று அப்பா கத்தினார். அதற்கும் சிரித்தார்கள்.

மறுநாளே அப்பா தன் காவல் நாற்காலியை ஆபீசில் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஓய்வு பெறும்வரை நின்றே காவல் காத்தார். ஒரு சினிமாவுக்காகவா? பள்ளிக்கூடம் அதிகம் போகாமலே இத்தனை சம்பாதித்த என் புத்திக்கு இது மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

நேற்று அந்தக் காட்சி வந்ததும் வீடே சிரித்தது.

"மாமா, காமெடிதானுங்க. எதுக்குங்க எந்திரிச்சு நிக்கறீங்க?" என்றாள் மருமகள்.

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். நின்றுகொண்டுதான் இருந்தேன்.