சுவருக்கு இரண்டு பக்கம், பாக்ஸ் ஒன்று

பங்க்சர் ஒட்டும் சொல்யூஷன் வாசனை எங்காவது மூக்கில் ஏறினால், எனக்கு ஆவடி பக்கத்து முத்தாபுதுப்பேட்டை கேபிள் ஆபீஸ்தான் ஞாபகம் வரும்...

கீழே பங்க்சர் கடை. மேலே பத்துக்குப் பத்து ரூமில் எங்கள் ஆபீஸ். காலேஜ் முடித்த கையோடு கிடைத்த முதல் வேலை. இனி செட்டாப் பாக்ஸ் இல்லாத டி.வி.யில் வெறும் புள்ளிதான் தெரியும் என்று அறிவிப்பு வந்திருந்த நேரம். வீடு வீடாகப் போய் ஃபாரம் நிரப்பி, போட்டோ ஒட்டி, கடைசி தேதிக்குள் பாக்ஸ் வரவழைக்க வேண்டும்.

ஓனர் டில்லி அண்ணன் முதல் நாளே சொல்லிவிட்டார். "இன்னா வேணா பண்ணு. ஒரு ஊட்ல கூட டிவி நிக்கக் கூடாது. நின்னுச்சு, என்னை ரோட்ல நடக்க வுடமாட்டாங்க."

ஊர் ஜனத்துக்கு அந்த டப்பா மேல் ஒரே மரியாதை. ஒரு அக்கா அதற்குக் குங்குமம் வைத்து, தூசு படாமல் எம்ப்ராய்டரி துணி போட்டு மூடிவிட்டு, ரிமோட் வேலை செய்யவில்லை என்று போன் செய்தார். போய்த் துணியை எடுத்தேன். வேலை செய்தது.

நான் சொல்ல வந்தது அதுவல்ல... கோதண்டம் அண்ணன் வீட்டுக் கதை.

அண்ணன் கோதண்டம், தம்பி முனுசாமி. நிலம் பிரித்த சண்டையில் ஒரே வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்பிக்கொண்டவர்கள். மூன்று வருஷமாகப் பேச்சு கிடையாது. ஆனால் கேபிள் கனெக்‌ஷன் அவர்கள் அப்பா காலத்தது. ஒயர் அண்ணன் பக்கம் நுழைந்து, சுவரில் ஒரு ஓட்டை வழியாகத் தம்பி பக்கம் போகும். அதை மட்டும் யாரும் வெட்டவில்லை.

அந்தச் சமயம் முனுசாமி பைக்கிலிருந்து விழுந்து, தொடையில் பிளேட் வைத்துப் படுத்திருந்தார். அண்ணன் வந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

முனுசாமியின் மனைவி செல்வி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "டிவி நின்னுச்சுன்னா இந்த மனுசனுக்குப் பைத்தியம் புட்ச்சிடும் மா. அது ஒண்ணுதான் பாத்துகினு கீறாரு. எப்டியாவது பாக்ஸ் வாங்கிக் குட்துடு."

"நான் பாத்துக்கறேன் க்கா" என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டு வந்தேன்.

சொன்னவள் செய்தது என்ன தெரியுமா? எங்கள் நோட்டில் அந்த வீட்டுக்கு ஒரே கனெக்‌ஷன் நம்பர். அதைப் பார்த்து ஒரே ஒரு ஃபாரம் அனுப்பினேன். ஒயர் இரண்டு பக்கமும் போகிறதே, பாக்ஸ் வந்தால் இரண்டு பக்கமும் தெரியும்தானே என்று நினைப்பு. ஒரு பாக்ஸில் ஒரு நேரத்துக்கு ஒரு சேனல்தான் வரும் என்பது மரமண்டைக்கு உறைக்கவே இல்லை.

கடைசி நாளில் பாக்ஸ் வந்தது. ஒயர் நுழையும் அண்ணன் வீட்டில் மாட்டினார்கள். மறுநாள் செல்வி அக்கா ஆபீஸ் வாசலில்.

"படம் வருது மா. ரிமோட்டு அந்தாண்ட கீது. காலைலேந்து மாடு வளக்குற ப்ரோக்ராமே ஓடுது."

டில்லி அண்ணன் என்னை முறைத்தார். இன்னொரு பாக்ஸுக்கு எழுதிப் போட்டோம். ஒரு மாதம் ஆகும் என்றார்கள். ஒரு மாதமும் அந்த மனுஷர் அண்ணன் போடுவதைத்தான் பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டும். என்னால்தானே என்று பஸ்ஸில் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனேன்.

மூன்றாம் நாள் முனுசாமிக்குப் பொறுக்கவில்லை. படுத்தபடியே கைத்தடியால் சுவரைத் தட்டினார். அப்புறம் சேனல் மாறியது... பாட்டு. மறுபடி தட்டினார். சினிமா. இன்னொரு தட்டு. கிரிக்கெட்.

தட்டுவதை நிறுத்திக்கொண்டாராம். செல்வி அக்காவே வந்து சொல்லிச் சிரித்தார்.

ஒரு வாரம் இப்படியே போனது. அப்புறம் கோதண்டம் வீட்டிலிருந்து போன், ரிமோட் வேலை செய்யவில்லையாம். போனால் அவர் மனைவி மட்டும்தான் இருந்தார். சுவரைப் பார்த்து மோவாயை நீட்டி, "அவுரு அங்க கீறாரு" என்றார்.

சுற்றிக்கொண்டு போனேன். தம்பியின் கட்டிலில், கால்மாட்டில் உட்கார்ந்து, டி.வி.யைப் பார்த்து ரிமோட்டை அமுக்கு அமுக்கென்று அமுக்கிக்கொண்டிருந்தார் கோதண்டம்.

"எத்தினி நாளைக்குத்தான் தட்டிகினே கெடப்பான்... நீயே வெச்சிக்கடான்னு எட்த்தாந்தேன் மா. இங்க வேல செய்யல."

"பாக்ஸ் உங்க வீட்லல்ல இருக்கு ணா? ரிமோட்டை அதுக்கு நேரா புடிச்சாதான் வேலை செய்யும்."

இரண்டு பேரும் சுவரைப் பார்த்தார்கள். முனுசாமிதான் முதலில் சிரித்தது. "அப்ப நீ உங்க ஊட்டுக்குப் போ ணா. நான் தட்டுறேன்."

கோதண்டம் எழுந்திருக்கவில்லை. ரிமோட்டை என் கையில் கொடுத்தார். "எங்க ஊட்ல அவகிட்ட குட்து மாத்தச் சொல்லு மா. நான் இங்கயே பாக்குறேன்."

செல்வி அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு டீ போடப் போனார். வாழ்க்கையில் நான் செய்த தப்புகளில் அவ்வளவு சந்தோஷம் கொடுத்த தப்பு வேறு கிடையாது.

அடுத்த மாதம் இரண்டாவது பாக்ஸ் வந்தது. தம்பி பக்கம் மாட்டினோம். மேட்ச் பார்க்க அண்ணன் அங்கே வருவது மட்டும் நிற்கவில்லை.

இப்போது எனக்கு ஐயப்பன்தாங்கலில் ஃபிளாட். வீட்டில் மூன்று பேர், மூன்று போன், போதாததற்கு ஹாலில் பெரிய டி.வி. யாரும் யாரையும் சேனல் மாற்றச் சொல்ல வேண்டியதில்லை. சௌகரியம்தான், குறை சொல்லவில்லை...

போன மாதம் ஆவடியில் ஒரு கல்யாணம். அப்படியே கோதண்டம் அண்ணன் வீட்டுக்கும் போனேன். தலை முழுக்க நரைத்துவிட்டது. "ஒத்த பாக்ஸ் பாப்பாதானே நீ?" என்றார். கேபிளை எடுத்துவிட்டார்களாம். சுவர் இருக்கிறது, ஓட்டை இருக்கிறது, ஒயர் இல்லை.

பேசிக்கொண்டிருக்கும்போதே சுவரில் டொக், டொக்.

"அவருக்குக் கால் இன்னும் சரியாகலையா ணா?"

"அதெல்லாம் எப்பவோ ஆய்டுச்சு. டீ ரெடின்னா இப்டித்தான் தட்டுவான்" என்று எழுந்தார். "வா மா, உனக்கும் சேத்துதான் போட்டிருப்பா."