நீலத் துணியின் விலையைச் சொன்ன ஜோசபின் ரீச்சர்

விமான நிலையச் சரக்குக் கூடத்தில் வேலையாக நின்றபோது தொலைபேசி அடித்தது. அழைத்தவர் ஃபத்து. செனகல் நாட்டுப் பெண்மணி, ஜோசபின் ரீச்சரின் எதிர்வீட்டுக்காரர். "மதாம் ஜோசபின் போய்விட்டார்" என்று பிரெஞ்சில் சொன்னார். சற்றுப் பொறுத்து, "உங்கள் ஆட்களுக்கு நீங்களே சொல்லிவிடுங்கள். அவர்களோடு பேச எனக்கு விருப்பமில்லை" என்றார்.

நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பாரிஸ் புறநகரான கூசேன்வில்லில் வீட்டுக்குப் போய்ச் சேருமுன்பே எங்கள் சங்கத்தின் கண்ணீர் அஞ்சலி கைத்தொலைபேசிக்கு வந்துவிட்டது. ரீச்சரின் படத்தைச் சுற்றிப் பூக்கள். கீழே, "தமிழுக்குத் தொண்டாற்றிய பேராசான்." அந்தப் பேராசானைத் தன் வாசற்படி ஏறாமல் செய்ததும் இதே சங்கம்தான். அதை யாரும் எழுதப்போவதில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

ரீச்சர் புதுச்சேரிக் கத்தோலிக்கர். தந்தை பிரெஞ்சுப் படையில் இருந்தவர். சிறு வயதிலேயே பாரிசுக்கு வந்து படித்து, ஒபர்வில்லியேயில் ஒரு பள்ளியில் ஓய்வு பெறும்வரை வரலாறு கற்பித்தார். நிறையப் புகைப்பார். முன்கோபம் அதிகம். பொய்யான புகழ்ச்சி காதில் விழுந்தால் எழுந்து போய்விடுவார்.

2009 வைகாசியில் போர் முடிந்து எங்கள் ஊர்ச் செய்திகள் ஓய்ந்தபோது, பாரிசில் எங்கள் கடைத்தெருவான லாஷப்பல் முழுவதும் இழவு வீடு போலிருந்தது. அடுத்த ஆண்டு, பிரெஞ்சுக்காரருக்கு எங்கள் வரலாற்றைக் காட்ட வேண்டும் என்று சங்கம் ஒரு கண்காட்சி நடத்த முடிவு செய்தது. ஏற்பாட்டுக் குழுவில் நானும் இருந்தேன். தமிழரின் கடல் வணிகம் பற்றிய பகுதியைச் செய்து தருமாறு ரீச்சரைக் கேட்டோம். அவர் மாதக்கணக்கில் ஆவணக் காப்பகங்களில் உட்கார்ந்து எழுதிக்கொண்டு வந்தார்.

பஜோல் தெருவுக்குப் பக்கத்து அறையொன்றில், கண்காட்சிக்கு எழுதிய பலகைகளைக் குழுவின் முன் பரப்பினார். புதுச்சேரிப் பக்கத்தில் நெய்து, அவுரியில் தோய்த்த நீலத் துணி ஆபிரிக்கா வரை போன கதை.

"எங்கடை துணி ஆபிரிக்கா வரைக்கும் போனதோ!" என்று சங்கத் தலைவர் பூரித்துப்போனார்.

"கீழயும் படிங்க" என்றார் ரீச்சர்.

கீழே, அந்தத் துணிக்கு ஆபிரிக்கக் கரையில் என்ன வாங்கினார்கள் என்றிருந்தது. மனிதர்களை வாங்கினார்கள். பிரான்சின் நாந்த் துறைமுகத்துக் கப்பல்கள் துணியை இறக்கிவிட்டு, ஆண்களையும் பெண்களையும் விலங்கிட்டு ஏற்றிக்கொண்டு கரும்புத் தீவுகளுக்குப் போயின. அடுத்த பலகையில், புதுச்சேரிக் கரையிலிருந்தே ரெயூனியோன் தீவுக்கு விற்கப்பட்ட தமிழர். அதற்கடுத்ததில், யாழ்ப்பாணத்துப் பழைய சட்டத்தில் அடிமைகளுக்கென்றிருந்த பகுதி.

தலைவர் கடைசிப் பலகை வரை படித்தார். பிறகு, "ரீச்சர், நாங்கள் அழிஞ்சுபோய் நிக்கிற நேரம் இது. இதை இஞ்சை வைச்சால் சனம் என்ன சொல்லும்?" என்றார்.

"அழிஞ்சவங்களுக்குத்தான் இது சட்டுனு புரியும்னு நெனச்சேன்."

"உங்களுக்கென்ன, நீங்கள் புதுச்சேரி. எங்கடை வலி உங்களுக்குத் தெரியாது."

"எங்க குடும்பம் பிரெஞ்சுக் கும்பினிக்குத் துணி வாங்கிக் குடுத்த குடும்பம். எங்க வீட்டுச் சரக்கும் அதுல போயிருக்கும். அதையும் பலகையில எழுதியிருக்கேன், பாருங்க."

உண்மையிலேயே எழுதியிருந்தார், குடும்பப் பெயரோடு. அதைக் கேள்விப்பட்ட அவருடைய ஒரே தம்பி அன்றோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

குழுவில் நான் வாதாடித் தோற்றேன். திறப்பு விழாவன்று ரீச்சர் ஃபத்துவையும், பள்ளியில் தம்மோடு கற்பித்த, கரும்புத் தீவான குவாதலூப்பைச் சேர்ந்த பெண்கள் இருவரையும் அழைத்து வந்தார். சுவரில் முதற்பலகை மட்டும் தொங்கியது. அதன் கீழ்ப்பாதியும் வெட்டப்பட்டிருந்தது. தலைவர் பூரித்துப்போன இடம் வரைக்கும்தான் வைத்திருந்தார்கள்.

ரீச்சர் கத்தவில்லை. சுவரருகே நின்று, வெட்டிய பாதியை முதலில் தமிழிலும் பிறகு பிரெஞ்சிலும் வாயால் சொல்லத் தொடங்கினார். யாரோ ஒலிபெருக்கியில் நாதஸ்வரத்தைக் கூட்டிவைத்தார்கள். அவர் குரலை உயர்த்தினார். அப்போது பின்னாலிருந்து ஒருவர், "இந்தக் காப்பிலியளை ஆர் உள்ளை விட்டது?" என்றார்.

ஃபத்து திரும்பி ரீச்சரைப் பார்த்தார். "இந்தச் சொல்லைக் கடைகளில் தினமும் கேட்கிறேன். என்ன அர்த்தம்?"

யாராக இருந்தாலும் மழுப்பியிருப்பார்கள். ரீச்சர் மழுப்பவில்லை. அடிமை வியாபாரிகள் ஆபிரிக்கரை அழைத்த சொல் அது, போர்த்துக்கேயர் வழியாக எங்கள் வாய்க்கு வந்தது, இன்றும் அதே இழிவோடுதான் சொல்கிறோம் என்று பிரெஞ்சில் விளக்கினார். நாதஸ்வரத்தை நிறுத்திவிட்டார்கள். ஃபத்து மேலங்கியை எடுத்துக்கொண்டு வெளியேறினார். ரீச்சரும் கூடவே போனார்.

அதன்பின் அவருக்குத் தொலைபேசி அழைப்புகள் வந்தன. துரோகி என்றார்கள். தங்கள் பேரைச் சொல்லாமல் திட்டினார்கள். விழாக்களுக்கு அவரைக் கூப்பிடக் கூடாது என்று சங்கம் முடிவெடுத்தது. நான் சங்கத்தை விட்டு விலகினேன். அதனால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. அவரோ வெட்டிய பலகைகளை மறுபடி எழுதி, குவாதலூப் முதலான அந்தில் தீவுக்காரர்களின் கூட்டங்களுக்கும் புறநகர் நூலகங்களுக்கும் ஆண்டுதோறும் தூக்கிக்கொண்டு போனார். அங்கே கதிரை போட்டு உட்காரவைத்துக் கேட்டார்கள். தமிழர் ஒருவரும் போகவில்லை.

நோய் முற்றியிருந்தபோது மருத்துவமனையில் கேட்டேன்: "ரீச்சர், இனியாவது அவையளை மன்னிச்சு விடக் கூடாதோ?"

"மன்னிப்பை யாராவது வந்து கேட்டாங்களா, சிவம்? கேக்காதவங்க கையில நான் போய்த் திணிக்கணுமா?"

யாரும் கேட்கவில்லை. அவரும் மன்னிக்காமலேயே போனார். நல்ல சாவு என்று சொல்லி இதை நான் இனிப்பாக்க மாட்டேன்.

அடக்கத்துக்குத் தம்பி வரவில்லை. சங்கத்தார் வந்தார்கள். தலைவர் என் முழங்கையைப் பிடித்து, "அண்ணை, ரெண்டு வார்த்தை கதையுங்கோ. அந்தப் பழைய விசயத்தை மட்டும் விடுங்கோ, செத்த இடம்" என்றார். நான் அந்த விசயத்தை மட்டும்தான் பேசினேன். பாதியிலேயே சிலர் கார்களை நோக்கி நடந்தார்கள்.

கடைசியில் மழை பிடித்துக்கொண்டது. சங்கத்தார் வைத்த மலர்வளையத்தின் நாடாவில் சங்கத்தின் பெயர் பொன் எழுத்தில் பெரிதாக இருந்தது. ரீச்சரின் பெயரைப் பிழையாக எழுதியிருந்தார்கள். ஃபத்து குனிந்து அந்த நாடாவைக் கழற்றி மடித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, பூக்களை மட்டும் மண்மேல் விட்டார். பிறகு நனைந்தபடியே உள்ளங்கைகளை விரித்துத் தம் வழக்கப்படி தொழுதார். குழி மூடி முடியும்வரை ஃபத்து, குவாதலூப் பெண்கள் இருவர், நான் என்று நாங்கள் நால்வர் நின்றோம்.

போய் வாருங்கள், ரீச்சர். உங்களை வழியனுப்பும் தகுதி எங்களுக்கு இருந்ததில்லை.