நித்திரையைப் பற்றி மட்டும்

ஷூத் தோலில் ஊசி ஏற்றத் தெரியாமல் விரலைக் குத்திக்கொண்டேன். அக்கா சிரித்துவிட்டார்.

"நீ தைச்ச சப்பாத்தைப் போட்டால் நொண்டி நொண்டித்தான் நடக்கோணும், பிள்ளை."

அதே சிரிப்போடு, தலை நிமிராமல், "எனக்கு நித்திரையே வாறதில்லை," என்றார்.

அந்த நொடியில்தான் எனக்குப் பொறி தட்டியது. கை வேலையாக இருந்து, கண்ணும் வேலையில் இருந்தால், யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை. பேச்சு தானாக வருகிறது.

வேலூர்ப் பக்கத்து இலங்கைத் தமிழர் முகாமுக்கு வாரந்தோறும் போகும் மருத்துவக் குழுவில் நான் மனநல ஆலோசகர். படித்து முடித்த சூடு ஆறவில்லை. சமுதாயக் கூடத்தில் ஓர் அறை, வாசலில் 'மனநல ஆலோசனை' என்று பலகை, உள்ளே எதிரெதிரே இரண்டு நாற்காலி. யாரும் வரவில்லை. பொறுமை போய், ஆம்பூர் கம்பெனிக்கு வீட்டிலேயே ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் பெண்களோடு போய் உட்கார்ந்தேன். அவர்களில் ஒருவர்தான் அக்கா.

அதற்குப் பிறகு ஒருநாள், போரின்போது ஆயுதக்காரர்கள் தன் உடம்பை என்ன செய்தார்கள் என்பதை அக்கா ஒரே வரியில் சொன்னார். மேலே சொல்லுமுன் பக்கத்து வீட்டுப் பெண் ஊசி கேட்டு உள்ளே வந்தார். பேச்சு உடனே அரிசி, குழம்பு என்று மாறியது. அவர் போனதும், எங்கள் அறைக்கு வந்து ஒரு டாக்டரைப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"உந்தப் பலகைக்குக் கீழ என்னைக் கண்டால் மகளின்ர சம்பந்தம் நிண்டுபோம். மாப்பிள்ளை வீடு அடுத்த வரிசையிலதான். ஏன் போறா, என்ன நடந்ததெண்டு கிளறுவினம்."

பெயர் எதுவும் சொல்லாமல் எங்கள் நர்ஸிடம் ஆலோசனை கேட்டேன். ஆம்பூர்க்காரர், வீட்டில் உருது பேசுபவர்.

"இன்னாம்மா, இதுக்குப் போய் பேஜார் ஆவுற? போர்டக் கழட்டு மொதல்ல. பிபி பாக்க முகாமே வருது. எதுக்கு வந்தேன்னு எவனாவது கேக்குறானா?"

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பெண் டாக்டர், பிபி மேசைக்குப் பின்னால் ஒரு திரை என்று மடமடவென அடுக்கினேன்.

"எல்லாம் சரி, அவங்கள கேட்டியா?" என்றார் நர்ஸ்.

கேட்கவில்லை. அடுத்த வாரம் போய்க் கேட்டேன். அக்கா நூலுக்கு மெழுகு பூசியபடி யோசித்தார்.

"வாறன். கதவு திறந்திருக்கோணும். நித்திரையைப் பற்றி மட்டும் கேக்கச் சொல்லு. மற்றதை நானாச் சொன்னால் சொல்லுவன்."

பலகையைக் கழற்றிவிட்டோம். டாக்டரிடமும் பேசிவிட்டேன். பழைய கதையைத் தோண்டாமல் தூக்கத்துக்கு மட்டும் வைத்தியம் தொடங்கச் சம்மதித்திருக்கிறார். வரும் வியாழக்கிழமை அக்கா பிபி வரிசையில் நிற்பார், எல்லோரையும் போல.