ஆடி மாசத்தில் ரேம் மாற்றலாமா?

பழைய கேமிங் கம்ப்யூட்டருக்கு வேகம் ஏற்றித் தருகிற தொழிலில், பெட்டி சூடாவதற்கு முன்னால் அதைத் தூக்கி வந்த ஆள் சூடாகிவிடுவார். இதே தொழிலில் மாட்டிக்கொண்டு முழிக்கிற சக பாவிகளே, உங்களுக்கு இதைச் சொல்லவே தேவையில்லை. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஆறு வருஷமாகக் கடை நடத்துகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் என்னைப் பார்த்துவிட்டு, "கடைக்காரர் இல்லியாமா?" என்பார்கள். நான்தான் கடைக்காரர். எனக்கு இருப்பது ஒரே ஒரு சட்டம்: தேறுகிற பெட்டியைத் தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன்.

ஓனர் வந்தார்

ஆனி மாசக் கடைசியில் பில்டிங் ஓனர் வந்தார். புதுக் கம்ப்யூட்டர் விற்கிற ஷோரூம் ஒன்று என் ரூமைக் கேட்கிறதாம். ஆடியில் யாரும் இடம் மாற மாட்டார்கள் என்பதால் ஒரு மாசம் தவணை, ஆவணி பிறந்ததும் காலி பண்ண வேண்டும். சுற்று வட்டார ஊர்களிலிருந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருகிறவர்கள், இறங்கியதும் கண்ணில் படுகிற கடை என்றுதான் என்னிடம் வருகிறார்கள். இந்த ரூம் போனால் வாடிக்கையும் போச்சு.

கெஞ்சியிருந்தால் இன்னும் ஆறு மாசம் கிடைத்திருக்கும் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் பிற்பாடு சொன்னார்கள். கெஞ்சுகிற பழக்கமே எனக்குக் கிடையாது. "சரி சார்" என்று சொல்லிவிட்டு, திறந்து வைத்திருந்த பெட்டிக்கு ஸ்குரூவை முடுக்க ஆரம்பித்தேன். நான் அடுக்கி வைத்திருந்த பெட்டிகளை அவர் ஒரு தரம் பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "பழசையே நோண்டிக்கினு இருந்தா நீயும் பழசாயிடுவ மா."

அட்டைப் பெட்டி

ஆடி பிறந்தது. எங்கள் பக்கத்தில் ஆடியில் புதுச் சாமான் வாங்க மாட்டார்கள். துணிக்கடைத் தள்ளுபடியில் அடித்துப் பிடித்து வாங்குவதெல்லாம் கணக்கில் சேராது, அதைக் கேட்டால் சண்டைக்கு வருவார்கள். மானாம்பதியிலிருந்து ஒரு விவசாயி, காலேஜில் படிக்கிற மகளின் கம்ப்யூட்டரைத் தூக்கி வந்தார். கேம் திறப்பதற்குள் அவள் சாப்பிட்டே முடித்துவிடுகிறாளாம். ரேம் கூடுதலாக ஒன்று போட்டு, பழைய ஹார்டு டிஸ்குக்குப் பதில் எஸ்எஸ்டி மாட்டினால் பறக்கும் என்றேன்.

மனுஷர் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார். ரேம் புதுசுதானே, ஆடியில் மாட்டலாமா? "சைக்கிளுக்கு டியூப் மாத்தினா புது சைக்கிளா அண்ணே?" என்று கேட்டேன். அரை மனசாகத் தலையாட்டினார். மாட்டி ஓட்டிக் காட்டியதும் முகமெல்லாம் சிரிப்பு. புதுப் பாகங்கள் வந்த காலி அட்டைப் பெட்டிகளைப் பையில் போட்டுக் கொடுத்தேன். அவசரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "இத நீயே வெச்சிக்க மா, அட்டைப் பொட்டி வூட்டுக்கு வந்தாதான் புதுசு வாங்குன மாதிரி."

ஒன்றும் மாற்றவில்லை

சொர்ணவாரிப் பட்டத்து நெல் அறுப்பு நேரத்தில் திருமுக்கூடல் பையன் ஒருவன் வந்தான். ஐ.டி.ஐ. முடித்து வேலைக்குப் போகிறவன். பத்து நிமிஷம் ஆடினால் கேம் இழுத்து இழுத்து ஓடுகிறது, கிராபிக்ஸ் கார்டு காலி என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். திறந்தால், அம்மாடியோவ்! ஃபேன் முழுக்க நெல் தூசி. அறுப்பு மெஷின் ஓடுகிற வயலைப் பார்த்த ஜன்னலோரம் பெட்டியை வைத்திருக்கிறான், அது எப்படி மூச்சு விடும்?

தூசியை ஊதித் தள்ளி, ப்ராசசர் சூட்டை இறக்கத் தடவியிருந்து காய்ந்து போன பேஸ்ட்டைச் சுரண்டிப் புதுசு தடவினேன். ஒரு மணி நேரம் அங்கேயே ஆடிப் பார்த்தான், ஜம்மென்று ஓடியது. நல்ல செய்தி என்று நான் நினைத்தேன். அவன் மூஞ்சி தொங்கிவிட்டது. "எதனா ஒண்ணு மாத்துங்கக்கா, பிரெண்ட்சு கேட்டா தூசி தட்டினேன்னா சொல்றது?"

மோட்டார்

இதற்கிடையில் ரூம் தேடி அலைந்தேன். பழைய கம்ப்யூட்டர் கடை என்றதும் எல்லாரும் உதட்டைப் பிதுக்கினார்கள். கடைசியில் பின் சந்தில், உர மூட்டை அடுக்கியிருந்த ரூம் ஒன்று கிடைத்தது. வாசம் குடலைப் பிடுங்கும். போகட்டும், என் மூக்குதானே என்று அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

அன்றைக்கு ஒரு டீச்சர் வந்தார். ஸ்கூல் விட்டு வந்ததும் கார் ரேஸ் ஆடுவாராம், ஜெயிக்கிற சமயம் பார்த்து கம்ப்யூட்டர் அணைந்துவிடுகிறதாம். எத்தனை மணிக்கு என்று துருவித் துருவிக் கேட்டேன். மாமனார் வயலுக்கு மோட்டார் போடுகிற நேரம்! வோல்டேஜ் இறங்கினால் அந்தப் பழைய பவர் சப்ளை தாங்காது, வேறு நல்லதாக மாற்றலாம் என்றேன். டீச்சர் பல்லைக் கடித்தார்: "மாத்திக் குடுங்க, மாமனாரைத்தான் மாத்த முடியாது."

பின் சந்து

ஆவணி முதல் நாளே காலி பண்ணிவிட்டேன். என்னைத் துரத்தினார்கள் என்று எவனும் சொல்லக் கூடாது என்கிற வீம்பு. முதல் வாரம் ஒரு ஈ காக்கை வரவில்லை. என் பழைய ரூமில் ஷோரூமைத் திறந்து பலூன் கட்டிப் பாட்டுப் போட்டார்கள். உர வாசத்தில் தனியாக உட்கார்ந்து ஒருநாள் அழுதும்விட்டேன், ஒளிப்பானேன். இரண்டாவது வாரம் டீச்சர் சொல்லி ரெண்டு பேர், மானாம்பதிக்காரர் சொல்லி மூணு பேர் என்று சந்துக்குள் பெட்டிகள் வர ஆரம்பித்தன.

மூணாவது வாரம் ஸ்கூட்டரில் காலுக்கு நடுவே ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு ஓனரே வந்து நின்றார். அவர் மகன் கேம் ஆடுகிற பெட்டி. ஷோரூமில் காட்டினால், இது குப்பை, புதுசு எடுங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். திறந்து பார்த்தேன், ஒரு ரேம் போதும். நாக்கு நுனிவரை வந்த வார்த்தைகளை விழுங்கிவிட்டு, "உங்களுக்கு முன்னால நாலு பேர் இருக்காங்க சார், உட்காருங்க" என்றேன். நாற்காலி இல்லை. மூலையில் இன்னும் எடுக்காமல் கிடந்த உர மூட்டை மேல் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "என் பில்டிங்குல குந்திக்கினே என் பொட்டிய தூக்கிப் போடுன்றான் மா, அது நல்லாத்தான கீது?"

இந்தத் தொழிலில் ரேம் மாற்றுவேன், ஃபேன் மாற்றுவேன், துரத்தினால் ரூமைக்கூட மாற்றுவேன், வரிசையை மட்டும் எந்த ஓனருக்காகவும் மாற்ற மாட்டேன்.